பழைய காரும் புதிய பாகமும்

பிரிட்டனில் 1948-ஆம் ஆண்டு அறிமுகமான கார் மோரிஸ் மைனர். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் இவரே. உற்பத்தி நின்று ஐம்பது ஆண்டுகள் கடந்தும் பிரிட்டனிலும் இலங்கையிலும் இந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், அதற்கு இன்றும் கிடைக்கும் மாற்றுப் பாகங்கள்.

ஆனால் கிடைப்பதெல்லாம் நல்ல பாகம் அல்ல. மைனரின் முன்சக்கரம், மரை வெட்டிய ஒரு நிமிர்ந்த பின்னைச் சுற்றித் திரும்புகிறது. அந்தப் பின்னை மேலும் கீழும் தாங்குவது டிரன்னியன். ஒழுங்காக கிரீஸ் அடிக்காவிட்டால் மரை தேயும். ஒருநாள் கழன்றும் விடும். அப்போது சக்கரம் மடங்கி, கார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். வேகமாகப் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே வாங்கும்போது கவனம் வேண்டும். பின்னையும் டிரன்னியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த மரையில் புது மரை சரியாகச் சேராது. கையால் திருகிப் பார்த்தால் ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் கூடாது. டை ராட் முனையில் இருக்கும் ரப்பர் உறையையும் பார்க்க வேண்டும். மட்டமான ரப்பர் சீக்கிரம் வெடித்து, தண்ணீரும் மண்ணும் உள்ளே புகும். புதுப் பாகம் மட்டமாக இருந்து, பழைய அசல் பாகம் தேயாமல் இருந்தால், பழையதைச் சுத்தம் செய்து மாட்டுவதே மேல். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

சீட் துணி கிழிந்தால் அழகுதான் போகும். டிரன்னியன் கழன்றால் உயிரே போகலாம். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.