எறும்பு சைஸில் ஒரு வீராங்கனை

பள்ளி விளையாட்டு விழாவுக்கு காம்கார்டர் எதற்கு, செல்போன் போதாதா என்பீர்கள். மைதானத்தின் மறுகோடியில் ஓடும் உங்கள் பெண் அதில் எறும்பு சைஸில்தான் தெரிவாள். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் டிஜிட்டல் ஜூமை நம்பாதீர்கள். அது படத்தை வெட்டிப் பெரிசு பண்ணும் வேலை. ஆப்டிகல் ஜூம் 20 மடங்காவது இருக்கட்டும். விநாடிக்கு 50 ஃப்ரேம் எடுத்தால் கபடியில் கை பட்டதா இல்லையா என்று நிறுத்திப் பார்க்கலாம் (நடுவரிடம் சண்டைக்குப் போகக்கூடாது). வாங்குமுன், முழு ஜூமில், கடை வாசலில் போகும் சைக்கிளைத் தொடர்ந்து பாருங்கள். படம் ஆடினால் வேறு மாடல் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், எடுத்ததை எங்கே வைப்பீர்கள்? 1995ல் வந்த மினிடிவியை சாசுவதம் என்று நினைத்தோம். இப்போது அந்த கேசட்டை ஓட்டும் காமிராக்கள் புதிதாக வருவதில்லை. என்னிடம் பதினொரு கேசட். ஒரு மணி கேசட் கம்ப்யூட்டரில் ஏற ஒரு மணி நேரம், 13 ஜிபி. ஏதோ ஒன்றில் அப்பா, பேரனின் சாக்கு ரேஸுக்குக் கை தட்டிக்கொண்டிருக்கிறார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. பழைய காமிராவின் ஹெட் தேய்வதற்குள் தினம் ஒன்றாக ஏற்றுகிறேன். நாலு முடிந்தது. இன்னும் அவர் வரவில்லை.