எது ஏற வேண்டும், எது வேண்டாம்

சிவகாசிப் பக்கம் அச்சகங்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் தம்பிகளுக்காக இது. பத்து மெஷின் இருந்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பட்டனைத் தட்ட வேண்டியதில்லை. டெபியனில் பிரிசீட் கோப்பு இருக்கிறது. இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விக்கெல்லாம் அதில் முன்கூட்டியே பதில் எழுதி வைக்கலாம். ஃபெடோராவில் இதே வேலைக்குக் கிக்ஸ்டார்ட்.

எனக்குப் பிரிசீட்டில் ரொம்பப் பிடித்தது மென்பொருள் பட்டியல். டாஸ்க்செல் வரியில் மொத்தத் தொகுப்பைச் சொல்கிறோம். பழைய மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போதும். அடுத்து பிகேஜிசெல் வரியில், பட்டாசு கிஃப்ட் பாக்ஸில் கேட்ட வெடியைச் சேர்ப்பதுபோல, தேவையானதைப் பெயர் சொல்லிச் சேர்க்கலாம்: ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப், தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 அடிக்க ஐபஸ்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் அச்சகத்தில் யாருக்கும் எழுத்துரு தேட நேரமிருக்காது. அதனால் தமிழைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

இடம் மிச்சம் பிடிக்க 'ரெகமெண்ட்ஸ்' பேக்கேஜ்களை நிறுத்துகிறவர்கள் கவனம். நெட்வொர்க் மேனேஜர், லிப்ரே ஆபீஸ் எல்லாம் சேர்ந்தே விடுபடலாம். அவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் வந்தது. அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எது தேவை என்று பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் இன்னும் நிறையப் பேர் அதைத் திறந்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

சாத்தூர், விருதுநகரில் யாருக்காவது என் பிரிசீட் கோப்பு வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.