மொராந்தே தெரு, கதவு எண் 80

சிலி நாட்டின் தலைநகரான சாண்டியாகோவில், மொராந்தே என்ற தெருவைப் பார்த்தபடி ஒரு மரக்கதவு இருக்கிறது. கதவு எண் 80. லா மொனேதா எனப்படும் குடியரசுத் தலைவர் மாளிகையின் பக்கவாசல் அது. இடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தில் கதவே இல்லை. வாசலை அடைத்துச் சுவர் எழுப்பிப் பூசியிருந்தார்கள். அந்த மாளிகையின் கதையை அதன் நீண்ட வெள்ளை முகப்பிலிருந்து தொடங்குவதைவிட, இந்தச் சிறு வாசலிலிருந்து தொடங்குவதுதான் சரி.

'மொனேதா' என்றால் ஸ்பானிய மொழியில் நாணயம். ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக் காலத்தில், காசு அடிக்கும் தங்கசாலையாகக் கட்டப்பட்ட கட்டடம் இது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஹோவாகின் தோயெஸ்கா இதை வடிவமைத்தார். 1784-இல் தொடங்கிய வேலை 1805-இல்தான் முடிந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1799-இல், தோயெஸ்கா காலமாகிவிட்டார். 1845-இல் குடியரசுத் தலைவர் மானுவல் புல்னஸ் தம் அலுவலகத்தையும் குடியிருப்பையும் இங்கே மாற்றினார். 1929 வரை ஒரே கூரையின் கீழ் ஆட்சியும் நடந்தது, காசும் அடிக்கப்பட்டது.

பக்கவாசல் 1906-இல் திறக்கப்பட்டது. முன்வாசல் வழியாக வந்தால் காவல் படையின் மரியாதை அணிவகுப்பு உண்டு. மொராந்தே வாசலில் அதெல்லாம் இல்லை. நாட்டின் தலைவர் மற்ற குடிமக்களைப் போலவே தெருவிலிருந்து படியேறி உள்ளே போவார், மாலையில் அதே வழியில் இறங்கி வருவார்.

1970 தேர்தலில் சால்வடோர் அயெந்தே 36 சதவீத வாக்குகளுக்குச் சற்று மேல் பெற்று முதலிடம் பிடித்தார். யாருக்கும் பாதி வாக்கு கிடைக்காததால் முடிவு நாடாளுமன்றத்தின் கைக்குப் போனது. அது அவரையே தேர்ந்தெடுத்தது. மருத்துவரான அவர், வாக்குச்சீட்டின் வழியே சோசலிசத்தைக் கொண்டுவர முடியும் என்று நம்பியவர். 1971 ஜூலையில் செப்புச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. எதிர்க்கட்சிகளும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம் அது. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் விலைவாசி எகிறியது, கடைகளில் பொருள் இல்லை, லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் நாட்டை முடக்கியது. அமெரிக்காவின் நிக்சன் அரசு சிலிக்கான கடனை நெருக்கியது. அதன் உளவுத்துறை எதிர்ப்பாளர்களுக்குப் பணம் கொடுத்தது. 1973 ஜூன் 29 அன்று ஒரு படைப்பிரிவு டாங்கிகளுடன் வந்து மாளிகையை முற்றுகையிட்டது. அன்று தரைப்படைத் தலைவர் கார்லோஸ் பிராட்ஸ் நேரில் நின்று அந்தக் கலகத்தை அடக்கினார்.

ஆகஸ்டில் பிராட்ஸ் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அவுகுஸ்தோ பினோசே, அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று நம்பப்பட்டவர். ஆகஸ்ட் 23 அன்று அயெந்தே அவரிடம் படையை ஒப்படைத்தார். காசுக்கும் சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் நம் மொழியில் 'நாணயம்' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லின் பெயரில் நிற்கும் மாளிகையில் வைக்கப்பட்ட நம்பிக்கை பத்தொன்பதே நாள் நின்றது.

செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. விடியும்போதே வால்பரைசோ துறைமுகம் கடற்படையின் பிடிக்குள் வந்துவிட்டது. செய்தி கேட்டு அயெந்தே காலை ஏழரை மணியளவில் மாளிகைக்கு வந்து சேர்ந்தார். விமானம் தயார், குடும்பத்தோடு வெளியேறிவிடலாம் என்று, ஆட்சியைக் கவிழ்க்க இறங்கிய பினோசே உள்ளிட்ட படைத்தலைவர்கள் சொல்லியனுப்பினார்கள். அவர் மறுத்தார். வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றாக வாயடைக்கப்பட, எஞ்சியிருந்த மகயானெஸ் வானொலி வழியாக ஒன்பது மணிக்கு மேல் மக்களிடம் கடைசியாகப் பேசினார். பிறகு, தம் இரு மகள்கள் உட்பட உள்ளே இருந்த பெண்களை வெளியே அனுப்பிவைத்தார்.

நண்பகலுக்குச் சற்று முன் ஹாக்கர் ஹண்டர் போர் விமானங்கள் நகரத்தின் மேல் தாழப் பறந்து வந்து மாளிகை மீது ராக்கெட்டுகளை வீசின. ஒரு நாட்டின் விமானப்படை தன் நாட்டுத் தலைவரின் அலுவலகத்தையே குறிவைத்துத் தாக்கிய காட்சி அது. முகப்புக்கு மேலே கரும்புகை எழுந்தது, கூரை எரிந்தது. சிலியின் விடுதலைப் பிரகடனத்தின் மூலப்படியும் அன்று அழிந்தது.

பிற்பகல் இரண்டு மணியளவில், கூட இருந்தவர்களைச் சரணடையச் சொன்னார் அயெந்தே. அவர்கள் வரிசையாகப் படியிறங்கி மொராந்தே வாசல் நோக்கிப் போனார்கள். மருத்துவர் பத்ரிசியோ கிஹோன் மட்டும், நச்சுப்புகை முகமூடி ஒன்றை மகனுக்கு நினைவாக எடுத்துக்கொள்ள மாடிக்குத் திரும்பினார். அதனால்தான் விடுதலை மண்டபத்தில் அயெந்தே தம் துப்பாக்கியாலேயே உயிரை மாய்த்துக்கொண்டதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. பல ஆண்டுகள் நீடித்த ஐயத்துக்குப் பின், 2011-இல் உடலைத் தோண்டியெடுத்து நடந்த ஆய்வும் அதையே உறுதி செய்தது.

வண்ணக் கம்பளி ஒன்றால் போர்த்தி, தீயணைப்பு வீரர்கள் அவர் உடலைத் தெருவுக்குச் சுமந்து வந்தார்கள், மொராந்தே 80 வழியாக. அதே வாசலில் சரணடைந்தவர்கள் நடைபாதையில் குப்புறப் படுக்க வைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் தாக்னா படைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு வீடு திரும்பவேயில்லை. அடுத்த பதினேழு ஆண்டு பினோசே ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3,000-க்கும் அதிகம்.

சாண்டியாகோவின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. முழுதாக இல்லை, பாதிதான். தடித்த கறுப்புச் சட்டம், உடைந்த வில்லை. மாளிகையின் இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்ட அயெந்தேயின் கண்ணாடி அது. அதன்முன் நிற்பவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

உடைந்தபடியே நின்று பேசும் அந்தப் பேறு மாளிகைக்குக் கிடைக்கவில்லை. பினோசே அதைச் செப்பனிட்டு, 1981 மார்ச் 11 அன்று உள்ளே குடியேறினார். தீயின் கறை போனது, சுவர்கள் வெளுப்பாயின, மொராந்தே வாசல் மறைந்தது. இடிபாடு காலத்தால் அழியும். இங்கே அழித்தது சாந்துக்கரண்டி. காயத்தை ஆற்றாமல் மேலே தோலை மட்டும் இழுத்துத் தைத்த வேலை அது.

மக்களாட்சி 1990-இல் திரும்பியது. அதுவரை வேறோர் ஊரில் பெயரில்லாக் கல்லறையில் கிடந்த அயெந்தேக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு மரியாதையுடன் இறுதி ஊர்வலம் நடந்தது. 2000-இல் ஆட்சிக்கு வந்த ரிக்கார்தோ லாகோஸ், மாளிகையின் முற்றங்கள் வழியே மக்கள் நடந்து போகக் கதவுகளைத் திறந்துவிட்டார். தாக்குதலின் முப்பதாம் ஆண்டில், 2003-இல், மொராந்தே சுவரை உடைத்து வாசலை மீண்டும் வைத்தார். தாமே அதன் வழியாக உள்ளே போனார்.

சின்னங்களைக் காப்பது என்றால் நாம் பெரும்பாலும் கல்லையும் சுண்ணாம்பையும் நினைக்கிறோம். லா மொனேதாவின் கல்லையும் சுண்ணாம்பையும் சர்வாதிகாரிதான் காத்தார். அங்கே நடந்ததைக் காத்தது, சுவரை உடைத்த கை. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 அன்று சாண்டியாகோ மக்கள் சிவப்புக் கார்னேஷன் பூக்களுடன் மொராந்தே தெருவுக்கு வருகிறார்கள். பூக்களை வைக்க அவர்களுக்கு இப்போது ஒரு வாசற்படி இருக்கிறது.