ஈமு கோழிக்குச் சண்டைக் காயம் பட்டால்...

ஈமு கோழி என்றதும் நம் ஊரில் பலருக்கும் பெருந்துறையும், போன பணமும்தான் ஞாபகத்துக்கு வரும். 2012-ல் பேப்பரைத் திறந்தால் அதே செய்திதான். பணம் எங்கே போனது என்று பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. பறவைகள் என்ன பாடுபட்டன என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அதிலும் அடைத்து வைத்த இடத்தில் ஒன்றையொன்று உதைத்துக் காயப்படுத்திக்கொள்ளும் ஈமுவை எப்படிக் காப்பாற்றுவது? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

பேரில்தான் கோழி. ஆள் உயரம், 35-45 கிலோ எடை, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். நெருப்புக்கோழிக்கு அடுத்து உலகிலேயே உயரமான பறவை. ஒவ்வொரு காலிலும் மூன்று விரல், விரல் நுனியில் கடினமான நகம். 1932-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயலை நாசம் செய்கின்றன என்று ராணுவத்தை இயந்திரத் துப்பாக்கியோடு அனுப்பினார்கள். ஈமுக்கள் சிதறி ஓடிவிட்டன. ராணுவம் நினைத்ததைச் சாதிக்காமலேயே திரும்பியது :-)

அங்கே அவற்றைக் காப்பாற்றியது ஓட்டம். காட்டில் இரண்டு ஈமு மோதினாலும் தோற்றது ஓடிவிடும், சண்டை அதோடு முடிந்துவிடும். பட்டியில் தோற்றது எங்கே ஓடும்? நாலு பக்கமும் கம்பி வலை. மூலையில் மாட்டிக்கொண்டு உதை வாங்கும். காட்டில் தோற்றது ஓடியதும் முடிகிற சண்டை பட்டியில் முடியாமல் நீள்வதால்தான் காயமும் பெரிதாகிறது.

யார் யாரோடு சண்டை போடும்?

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு உதைக்கும். சேவல் சண்டை பார்த்துப் பழகிய நமக்கு ஆண்தான் சண்டைக்காரன் என்ற நினைப்பு. ஈமுவில் ஆணுக்காகப் பெண்கள் அடித்துக்கொள்ளும். இந்தியாவில் ஏறக்குறைய அக்டோபர் முதல் பிப்ரவரி வரை முட்டையிடும் காலம். அப்போது பெட்டை கழுத்துப் பையில் காற்றை நிரப்பி உறுமி மேளம் போல ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் அதிகமானால் உஷாராக வேண்டும்.

ஆணுக்கும் ஒரு பருவம் உண்டு. அடைகாப்பது அதுதான். சுமார் 56 நாள், கிட்டத்தட்டச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். குஞ்சு பொரித்தபின் பக்கத்தில் யார் வந்தாலும் உதைதான், அது தன் ஜோடிப் பெட்டையாகவே இருந்தாலும்.

இன்னொரு சிக்கல், பார்வைக்கு ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். குஞ்சில் இன்னும் கஷ்டம். ஆசனவாய்ப் பகுதியைப் பரிசோதித்தோ, டிஎன்ஏ சோதனை செய்தோதான் சொல்ல முடியும். தாளில் "ஜோடி" என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு பெட்டையாக இருக்கலாம். வளரும்வரை ஒற்றுமையாகத்தான் இருக்கும். ஒன்றரை, இரண்டு வயதானதும் ஆரம்பிக்கும் பாருங்கள்.

காயம் பட்டதும் என்ன செய்வது?

1. முதல் மருந்து பிரித்து வைப்பது. ரத்தத்தைப் பார்த்தால் மற்ற பறவைகளும் அந்த இடத்தையே கொத்தும். அதனால் மருந்துப் பெட்டியைத் தேடுவதற்கு முன் அடிபட்டதைத் தனியாக்க வேண்டும். ஆனால் முழுத் தனிமையிலும் அது பதறும். வலைக்கு அந்தப் பக்கம் அமைதியான பறவை ஒன்று கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் நல்லது.

2. துரத்தக் கூடாது. வெயிலில் அரைமணி நேரம் துரத்திப் பிடித்தால், பிடிபட்டபின் தசையே சிதைந்து கால் விழுந்துபோகும். சண்டையில் பிழைத்தது சிகிச்சையில் சாகும். காலையிலோ சாயங்காலமோ, இரண்டு பேராக, மெதுவாக மூலைக்கு ஒதுக்க வேண்டும். பக்கவாட்டில் போய் இரண்டு சிறகையும் சேர்த்துப் பிடித்து, உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் போய் நின்றால் உங்களுக்கும் தையல் போட வேண்டி வரும்.

3. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். அடுத்து தண்ணீரில் கலந்து நீர்த்த பொவிடோன் அயோடின். மாட்டுப் புண்ணுக்குப் பழகிய கையால் டர்பன்டைனை எடுத்து ஊற்றக் கூடாது. பறவைத் தோல் மெல்லியது, வெந்துபோகும்.

4. ஈ. நம் ஊர்ச் சூட்டில் புண்ணைவிடப் பெரிய எதிரி இதுதான். இறகுக்கு அடியில் சின்னக் கீறல் இருப்பது வெளியே தெரியாது. இரண்டு நாளில் புழு வைத்துவிடும். சண்டை நடந்தது என்று தெரிந்தால், ரத்தம் தெரியாவிட்டாலும் தொடை, நெஞ்சு, முதுகு எல்லாம் இறகை விலக்கிப் பார்க்க வேண்டும்.

5. மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைப் பொடித்துத் தீவனத்தில் கலக்கவே கூடாது. டைக்ளோபினாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்றே பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது உடனே டாக்டர்?

சதை தெரியும்படி கிழிந்திருந்தால் அன்றே தையல் போட வேண்டும். நாள் கடந்த அழுக்குப் புண்ணைத் தைத்தால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். நெஞ்சு, விலாப் பக்கம் குத்துக் காயம் பட்டு, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று இருந்தால் மூச்சுக் காற்றுப் பை கிழிந்திருக்கலாம். கண்ணில் அடி என்றாலும் காத்திருக்கக் கூடாது.

கால் எலும்பு முறிவுதான் எல்லாவற்றிலும் மோசம். 40 கிலோ உடம்பை இரண்டே காலில் தாங்கும் பறவை. ஒரு கால் போனால் மறு கால் தாங்காது. படுத்தே கிடந்தால் நெஞ்சிலும் மூட்டிலும் படுக்கைப் புண் வரும். வளர்ந்த பறவையில் பெரும்பாலும் டாக்டர் வலியில்லாமல் விடைகொடுத்துவிடலாம் என்றுதான் சொல்வார்.

கட்டுப் போட்டபின் தரையை ஒருமுறை கூட்டிப் பார்ப்பதும் முக்கியம். பளபளவென்று எது கிடந்தாலும் ஈமு விழுங்கிவிடும், ஊசி, கம்பித்துண்டு உட்பட.

இனி கணக்குக்கு வருவோம்

வளர்ப்புப் பாடங்களில் ஒரு ஜோடிக்கு 100 அடிக்கு 25 அடி இடம் வேண்டும் என்று சொல்கிறார்கள். அதாவது தோற்றது தப்பி ஓட ஒரு நீளம். பெருந்துறைத் திட்டத்தில் ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதம் 6,000 ரூபாய் என்றார்கள். விளம்பரத்தில் வருமானம் மாதக் கணக்கில் இருந்தது. ஆறும் வளர்ந்தபின் யாரை யாரிடமிருந்து பிரிப்பது, அதற்கு இடம் எங்கே என்ற செலவுக் கணக்கு அதில் இல்லை.

கறிக்கும் எண்ணெய்க்கும் பெரிய சந்தை இல்லாதபோது, பறவையின் விலையைத் தாங்கி நின்றது அடுத்து வரும் முதலீட்டாளரின் பணம்தான். 2012 ஆகஸ்டில் அது நின்றதும், தீவனமும் நின்றது. அதுவரை சொத்தாக இருந்த பறவை ஒரே வாரத்தில் தீனி கேட்கும் செலவாக மாறிவிட்டது. கைவிடப்பட்டவற்றுக்குத் தீவனம் போடும் வேலை கடைசியில் அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் வந்தது.

வாங்க ஆளில்லாத பறவைக்குத் தையல் போட டாக்டர் ஃபீஸ் கொடுக்க எந்த விவசாயிக்கு மனம் வரும்? ஏற்கெனவே கடன். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பிரித்து வைப்பது, துரத்தாமல் இருப்பது, கழுவுவது, ஈ அண்டாமல் பார்ப்பது... பாதிக்கு மேல் காசே கேட்காத வேலை. சண்டை ஆரம்பிக்கும் முன்பே நடுவில் ஒரு வலை கட்டியிருந்தால் மீதியும் தேவைப்படாது.

மிருகக்காட்சி சாலைகளிலும் சில பண்ணைகளிலும் இன்றும் ஈமு இருக்கிறது. நாளைக்கு வேறு ஏதாவது ஒரு பறவையோ பிராணியோ "மாதம் இவ்வளவு வருமானம்" என்று வரும். வந்தால், லாபம் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: இது எப்போது சண்டை போடும், அடிபட்டால் தனியாக எங்கே வைப்பது? விற்கிறவருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.