மலைப்பாதையும் பழைய காரின் பிரேக்கும்

யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓடும் மோட்டார் வண்டிக்குப் பிரேக்கின் அருமை தெரிவதில்லை. கீரிமலைக்குப் போனாலும் அங்கே பெயரில்தான் மலை உண்டு. ஒழுங்கையில் ஆடு குறுக்கிட்டால் நிற்பதற்கும், கோயில் வாசலில் வண்டியை ஒதுக்குவதற்கும் கொஞ்சம் பிடித்தாற் போதும். ஆகவே, குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போவதென்று தீர்மானமானதும், வீட்டார் கம்பளிச் சட்டைகளைத் தேடத் தொடங்க, நாம் வண்டியின் சில்லுகளுக்குள்ளே என்ன இருக்கின்றதென்று பார்க்கப் புறப்பட்டோம்.

எமது வண்டி மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த இந்தக் கார் 1948 இல் வெளிவந்தது. 1971 இல் உற்பத்தி நிற்பதற்குள் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. 1990 களில் பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு குடாநாட்டிலே ஓடிய பழைய கார்களுள் இவையும் அடங்கும். இவற்றின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை டிரம் பிரேக்குகளே. சில்லோடு கூடச் சுழலும் இரும்புச் சட்டி போன்றது டிரம். அதனுள்ளே பிறை வடிவான இரண்டு ஷூக்கள். அவற்றின் மேல் லைனிங். பெடலை மிதித்ததும் பிரேக் ஒயில் குழாய்வழியே அழுத்தத்தைக் கொண்டுசெல்ல, ஷூக்கள் விரிந்து சட்டியின் உட்புறத்தை உரசிப் பிடிக்கின்றன. நான்கு சில்லுகளுக்கும் ஒயில் போகும் வழி ஒன்றே. எங்கேனும் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் பெடல் தரைவரை இறங்கிவிடும். அப்பொழுது துணையாக எஞ்சுவது கைப்பிரேக் மாத்திரம். அது ஒயிலை நம்பி இருப்பதன்று. கம்பி வடத்தால் பின்சில்லுகளை இழுத்துப் பிடிப்பது.

வேப்பமர நிழலில் இருக்கும் கராஜில் முதிய மெக்கானிக் ஒருவர் சில்லுகளைக் கழற்றினார். டிரம்முக்குள் படிந்திருந்த தூசியை அவர் ஊதித் தள்ளவில்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. இடது பின்சில்லில் அச்சு ஒயில் கசிந்து லைனிங்கை நனைத்திருந்தது.

“இதைக் கழுவிப் போடலாமோ?” என்று கேட்டோம்.

“கழுவினாலும் சூடேற ஊறின எண்ணெய் திரும்ப வெளியிலை வரும் ஐயா. ஒரு பக்கம் பிடிச்சு மற்றப் பக்கம் பிடியாட்டில் வளைவிலை வண்டி திரும்பிப்போடும். கசிவை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் சோடியாய் மாத்துவம்.”

அப்படியே செய்தார். பிறகு டிரம்மின் துவாரத்தினூடே திருகாணிச்சாவியை விட்டு, சில்லு அசையாமல் இறுகும்வரை வலப்புறமாகத் திருகி, ஒரு பல் மட்டும் பின்வாங்கினார். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு திருகிகள்; பின்சில்லில் ஒன்று. சில்லைக் கையால் சுழற்றி, உரசும் ஓசை உண்டாவென்று காது கொடுத்துக் கேட்டார்.

கைப்பிரேக்கை இழுத்தபோது வலது சில்லு மட்டுமே பிடித்தது. கடற்காற்றின் உப்பினால் மற்றைய வடம் துருவேறி இறுகிக் கிடந்தது. அதையும் மாற்றவேண்டியதாயிற்று. கைப்பிரேக் தளர்ந்தால் உடனே வடத்தை முறுக்கிவிடுவது பலருடைய வழக்கம். தேய்ந்த ஷூவை மறைப்பதற்கு இதைவிட நல்ல உபாயம் கிடையாது! முதலில் ஷூ, பிறகே வடம். நெம்புகோலை மூன்றாம் பல்லில் நிறுத்தி, இரு சில்லுகளும் ஒரேயளவு பலத்துக்கு மட்டும் அசையும்படி வடங்களைச் சரிசெய்தார்.

பிரேக் ஒயில் நிரப்பும் வாய் சாரதியின் காலடியில், விரிப்பின் கீழ் இருக்கின்றது. உள்ளே கிடந்த ஒயில் கோப்பிச் சாயம்போல் கறுத்திருந்தது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஒயில் சூட்டிலே சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆவி புகுந்த குழாயில் பெடலுக்குப் பலமில்லை. பழையதை வடித்துப் புதியதை ஊற்றி, குழாயிலிருந்த காற்றையும் வெளியேற்றினோம். மெக்கானிக் சில்லடியில் குந்தியிருந்து “மிதி… பிடி… விடு” என்று சொல்ல, பெடலை மிதித்தவன் எமது மூத்த மகன். அவனுக்கு அன்று இருந்த பெருமை பரீட்சையில் சித்தியடைந்த அன்றும் இருந்ததில்லை.

கண்டி வரையுள்ள இருநூறு மைல்களைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்பளை, புஸல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதும் உழைப்பது எஞ்சினே. சோதனை திரும்பும் வழியிற்றான். ஆறாயிரம் அடிக்கு மேலிருந்து லபுக்கலைத் தேயிலைத் தோட்டங்களினூடே பாதை சுழன்று சுழன்று இறம்பொடைக்கு இறங்குகின்றது. ஒரு புறம் பச்சைப் படிகள், மறு புறம் பாதாளம். லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறிகள் முன்னும் பின்னும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகளின் விதி. பெடலில் ஓயாமல் காலை வைத்திருந்தால் டிரம் சூடேறி ஷூவை விட்டு அகலுகின்றது. லைனிங்கும் பிடிப்பை இழக்கின்றது. சற்றுப் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். இடைவெளியிலே சட்டி ஆறும்.

ஒரு வளைவில் எரிந்த நாற்றம் வந்தது. எமதோ என்று நெஞ்சு திடுக்கிட்டது. சற்று அப்பால், பிள்ளைகள் நிறைந்த வான் ஒன்று ஓரமாக நின்றது. அதன் முன்சில்லில் புகை. இளஞ்சாரதி போத்தல் நீரைச் சில்லிலே ஊற்றப் போனார். பின்னால் வந்த மரக்கறி லொறிச் சாரதி கைகாட்டித் தடுத்தார். கொதிக்கும் இரும்பு திடீரெனக் குளிர்ந்தால் வெடிக்கக்கூடும். அவரே வானின் சில்லுகளுக்கு முன்னே கல் வைத்தார். கல்லை வைத்து, பின்னோக்கும் கியரில் நிறுத்தி, அரைமணி நேரமாவது ஆறவிடச் சொன்னார். பிள்ளைகள் எமது வீட்டார் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு நீர்வீழ்ச்சியைப் பார்த்தார்கள். எவ்வளவு ஆபத்தில் இருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

புஸல்லாவையில் தேநீருக்காக இறங்கியபோது நாம் நான்கு சில்லுகளின் அருகிலும், தொடாமல், கையை நீட்டிப் பார்த்தோம். இடமும் வலமும் ஒரே அளவான சூடு. “சுவாமி கும்பிடுகிறீர்களோ?” என்றார் வீட்டார். கண்டியில் வண்டி நன்றாக ஆறியபின் பார்த்தால், புதிய லைனிங் படிந்ததனால் பெடல் சிறிது தாழ்ந்திருந்தது. பின்சில்லில் ஒரு பல் திருகிவிட்டு, மறுநாட் காலை மாத்தளைப் பாதையைப் பிடித்தோம்.