மணியின் பாதங்கள்

சித்திரை வெயிலில், மாலை நாலு மணிக்கு, கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? திருவதிகையில் நான் நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, குதித்தேன்! அப்பர் சுவாமிகளின் சூலை நோயையே தீர்த்த வீரட்டானேசுவரர் என் பாதங்களைக் கண்டுகொள்ளவில்லை.

வெளியே வந்தால், தங்கை பையன் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் மணி எழுந்திருக்க மறுத்தான். முன்னங்காலை ஓயாமல் நக்கினான். தூக்கிப் பார்த்தேன், பாதத்தில் கொப்புளம்! பண்ருட்டியில் தங்கை வீட்டிலிருந்து அவனைத் தார் ரோடில் நடத்தி வந்தது நான்தான், காலில் செருப்போடு. அவன் புல்லோரமாகவே இழுத்தபோது, "சண்டித்தனம் பண்ணாதே!" என்று அதட்டியதும் நான்தான்.

பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஆட்டோ பிடித்து, கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எத்தனை தடித்திருந்தாலும் அது உயிருள்ள தோல்தானே? நாய்க்கு வேர்ப்பதுகூடப் பாதத்தில்தான்.

இப்போது நெய்வேலியில் விடியுமுன்பே உலாவப் போகிறோம். பொழுது சாய்ந்த பிறகும் தார் லேசில் ஆறாது. அதனால் மாலையில் ரோடில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுவேன். கை பொறுக்காவிட்டால் மண் பாதைதான். திரும்பியதும் பாதத்தை அலம்பித் துடைத்து, விரலிடுக்கில் ஜல்லியோ முள்ளோ இருக்கிறதா என்று பார்ப்பேன்.

நாய்க்கென்றே செருப்பு விற்கிறார்கள், தெரியுமா? என் கணவர் மணிக்கு ஒரு ஜோடி, இல்லையில்லை, இரண்டு ஜோடி வாங்கி வந்தார். ஒன்றைக் கடித்துத் தின்றாகிவிட்டது.