சீருடையிலிருந்து பிரித்த துணி

தபால்தலை சேர்ப்போரை நம் வாசகர்கள் அறிவர். பழங்காசு சேர்ப்போரையும் அறிவர். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைவீரர் தம் சீருடையில் தைத்திருந்த துணிச் சின்னங்களை நாம் சேர்த்து வைத்திருக்கிறோம் என்றால், கேட்போர் முகம் சுளிக்கின்றனர். அதில் தவறில்லை. நம் இல்லத்தரசியாரும் அந்த பிஸ்கட் டப்பாவைப் பூசைக்குரிய ஆடைகள் இருக்கும் அலமாரியில் வைக்க இன்றுவரை இசைந்ததில்லை.

பணியின் பொருட்டு ஜெர்மனியில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது இப்பழக்கம் நம்மைத் தொற்றியது. பழம்பொருள் சந்தையொன்றில் கழுகு பொறித்த துணியொன்று கிடந்தது. கழுகின் கால்கள் பற்றியிருந்த சுவஸ்திகாவின்மேல் காகிதம் ஒட்டியிருந்தனர். அதனைப் பொதுவில் காட்டுவது அந்நாட்டில் குற்றம்.

தரைப்படையினர் இக்கழுகை 1934 முதல் வலது மார்பில் அணிந்தனர். போருக்கு முன் செய்தவை கரும்பச்சைத் துணியில் வெண்ணூலால் பளிச்சிடும். 1940-க்குப்பின் நூல் சாம்பல் நிறமாயிற்று. பின்னர் அடித்துணியும் மங்கிற்று. 1944-ஆம் ஆண்டுச் சீருடைக்கு வந்ததோ, விரைந்து தைத்துவிடத் தக்க வெறும் முக்கோணத் துண்டு. ஓர் அரசின் செருக்கு தேய்ந்ததை இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கண்ணாலேயே காணலாம். (நாம் முதலில் வாங்கியது போலி. புற ஊதா விளக்கின்கீழ் அதன் நூல் நீலமாய் ஒளிர்ந்து நம்மை நாணச் செய்தது!)

மலைப்படையினரின் எடல்வைஸ் மலர், மருத்துவப் பணியாளரின் கோல் சுற்றிய பாம்பு ஆகியவையும் நம்மிடம் உண்டு. அவற்றைக் காட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. கழுகை எடுக்கும்போதுதான் கை தயங்குகிறது.

நிற்க. அப்படையில் கத்தோலிக்க ஆன்மகுருக்களும் இருந்தனர். தொப்பியில் ஊதா நிற விளிம்பும் சிறு சிலுவையும். கழுத்தில் தொங்கும் சிலுவை. அதே மார்பில் இந்தக் கழுகு. அதே ஆண்டுகளில் டாக்காவ் முகாமில் 2,700-க்கு மேற்பட்ட குருக்களும் போதகர்களும் அடைபட்டிருந்தனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர், அவர்களுள்ளும் போலந்து நாட்டவரே மிகுதி. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். அரசியல் கைதிகளுக்குரிய சிவப்பு முக்கோணத் துணியே அவர்களுள் பெரும்பாலோரின் சட்டையில் இருந்தது. ஒரே திருப்பலியை நிறைவேற்றிய இரு குருக்களுக்கு ஒரே அரசு தைத்துக் கொடுத்த துணிகள் இவை.

இதை அறிந்தபின் கழுகை எரித்துவிட நினைத்தோம். பின்புறத்தைத் திருப்பினோம். யாரோ கையால் தைத்த நூலின் நுனிகள் இன்னும் அதில் ஒட்டியிருந்தன. எரிக்கவில்லை.

“உங்களுக்குப் பிறகு இதை யார் வைத்துக்கொள்வது, அப்பா?” என்று சென்ற மாதம் நம் மகள் கேட்டாள். அன்றுமுதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வருகிறோம்: எங்கே தைத்தது, யார் அணிந்தது, அணிந்தவர்கள் செய்தது என்ன என்று. மலருக்கும் பாம்புக்கும் அரைப் பக்கம் போதுமாயிற்று. கழுகின் சீட்டு நான்காம் பக்கத்தில் நிற்கிறது. டாக்காவ் பற்றி இனிமேல்தான் எழுதவேண்டும்.